சின்னச் சொல் மாறினால் வினையே மாறும்: ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஆங்கிலம் பரீட்சையோடு முடிகிற பாடம் இல்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் மருந்துக்கடைகளிலும், மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்களிடம் தினமும் அதில் பேசியாக வேண்டியிருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் இருப்பவர்கள் வெளிநாட்டுக்கு மெயில் எழுதுகிறார்கள். இவர்களில் பலருக்கு டென்ஸ் நன்றாகத் தெரியும், சொல்வளமும் உண்டு. ஆஃப், அப், அவுட், இன்டூ போன்ற சின்னச் சொற்களில்தான் சறுக்குகிறது.

தமிழில் திசை பெரும்பாலும் வினைக்குள்ளேயே அடங்கிவிடும்: ஏறு, இறங்கு, நுழை, கழற்று, அணை. ஆங்கிலத்தில் கெட், புட், டேக், டர்ன் ஆகியவை தனியாக நின்றால் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. பின்னால் வரும் சின்னச் சொல்தான் பொருளைச் சுமக்கிறது. 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும் என்பதால் 'புட் ஆஃப்' தெரிந்துவிடாது. அது தள்ளிவைப்பதைக் குறிக்கும் தனி வினை. இப்படி ஒரு வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்து தனிப் பொருள் தருவதே ஃப்ரேசல் வெர்ப். அதை இரண்டு சொல்லாகப் பிரித்துப் படிக்காமல் ஒரே சொல்லாகவே மனதில் ஏற்ற வேண்டும்.

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 'ஐ காட் டவுன் அட் காட்பாடி' என்று நம் பக்கம் எல்லோரும் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. ஊருக்குள் பேச அது போதும். வெளிநாட்டவர் காதில் மட்டும் 'கெட் டவுன்' என்றால் குனி, தரையோடு படு என்று விழும்; ஆபத்து நேரத்தில் கத்துகிற சொல் அது. பஸ், ரயில், விமானம், பைக், சைக்கிள் என்றால் ஏறுவதற்கு 'கெட் ஆன்', இறங்குவதற்கு 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆவ்'. எழுந்து நடக்க இடமுள்ள வண்டிக்கும், கால் போட்டு மேலே உட்காரும் வண்டிக்கும் ஆன், ஆஃப். குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு இன், அவுட். 'கெட் ஆஃப் த கார்' என்றால் காரின் கூரையிலிருந்து இறங்கு என்று ஆகிவிடும்.

ஸ்டேஷனில் இன்னும் இரண்டு. தம்பியை வழியனுப்ப வந்தால் 'ஐ கேம் டு சீ மை பிரதர் ஆஃப்'. 'செண்ட் ஆஃப்' பெயர்ச்சொல்லாக, வழியனுப்பு விழாவுக்குச் சரி. ஆளை வழியனுப்பும் வினைக்கு 'சீ ஆஃப்' வேண்டும். அதேபோல் 'பிக் மீ அட் காட்பாடி' என்றால் காட்பாடியில் என்னைத் தேர்ந்தெடு என்று பொருள் வரும். வந்து அழைத்துப் போவதற்கு 'பிக் மீ அப்'.

மருத்துவமனைப் பக்கம் இந்தத் தவறுகளுக்கு விலை அதிகம். 'மை சன் பாஸ்டு அவுட் லாஸ்ட் இயர்' என்று வெளிநாட்டு டாக்டரிடம் சொன்னால், மகன் போன வருஷம் மயங்கி விழுந்தான் என்றே அவர் எடுத்துக்கொள்வார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவ, போலீஸ் பயிற்சி முடிப்பவர்களுக்கு 'பாஸ் அவுட்' உண்டு. காலேஜ் படிப்பு முடித்தவருக்கு 'கிராஜுவேட்டட்' போதும். 'டேப்லெட்ஸ் காட் ஓவர்' என்பதும் நம் ஊர் வழக்கு. மாத்திரை தீர்ந்துவிட்டால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆவ் டேப்லெட்ஸ்'. மரத்துப்போவதற்குப் போட்ட ஊசியின் வீரியம் குறைவது 'வேர் ஆஃப்', மயக்கம் தெளிவது 'கம் ரவுண்ட்'.

இதில் மிக ஆபத்தான ஜோடி 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்'. முன்னது தள்ளிவைப்பு, பின்னது ரத்து. ஆபரேஷனை 'கால்டு ஆஃப்' என்று தவறிச் சொன்னால், கேட்பவர் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடக்கூடும். பேசுகிற இருவருக்குமே ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால் இங்கே ஃப்ரேசல் வெர்ப்பே வேண்டாம். 'போஸ்ட்போன்', 'கேன்சல்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லி, புதிய தேதியையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கெட்டிக்கார ஆங்கிலத்தைவிடப் புரிகிற ஆங்கிலம் அங்கே முக்கியம்.

அடுத்தது இடம் பற்றிய தவறு. நன்றாகப் படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி, 'டர்ன் த ஃபேன் ஆஃப்' சரி. ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் ஒரே இடம்தான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. மீ, ஹிம், ஹர், தெம் எல்லாவற்றுக்கும் இதே விதி. பெயர் நீளமாக இருந்தால், உதாரணமாக 'இரண்டாவது மாடி வராந்தாவில் இருக்கும் ஃபேன்' என்பது போல, அதைக் கடைசியில் வைப்பதே நல்லது. நடுவில் வைத்தால் 'ஆஃப்' வந்து சேர்வதற்குள் கேட்பவர் இழையை விட்டுவிடுவார்.

ஆனால் எல்லா வினையும் இப்படிப் பிரியாது. 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபார்', 'லுக் இன்டூ' மூன்றும் பிரியாதவை: 'லுக் ஆஃப்டர் ஹிம்', ஒருபோதும் 'லுக் ஹிம் ஆஃப்டர்' இல்லை. 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆவ்' போன்ற மூன்று சொல் வினைகளுக்கும் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது. எது பிரியும், எது பிரியாது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மேன் நிறுவனங்களின் லேர்னர்ஸ் டிக்‌ஷனரிகளில், பிரியும் வினைகளின் நடுவே இரு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருக்கும். பொருள் தேடும்போதே அந்தக் குறியையும் பார்த்துக்கொண்டால் போதும்.

'லுக்' குடும்பத்தில் பொருள் குழப்பமும் உண்டு. வந்த சரக்கில் தையல் பிரிந்திருக்கிறது என்று வாங்கியவர் எழுதினால், 'வி வில் லுக் ஆஃப்டர் யுவர் கம்ப்ளெயின்ட்' என்று பதில் போடக் கூடாது. 'லுக் ஆஃப்டர்' பேணிப் பார்த்துக்கொள்வது. குழந்தைக்கும் நோயாளிக்கும் பொருந்தும். என்ன நடந்தது என்று விசாரிப்பது 'லுக் இன்டூ'. அதே மெயிலின் கடைசி வரியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுவதும் பரவலான பிழை. 'மீட்டிங் யூ' என்று வர வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: 'டு' என்பதன் பின்னால் 'இட்' வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது, ஆகவே அங்கே வினை வந்தால் 'இங்' சேரும். 'வான்ட் டு இட்' பொருந்தவில்லை, ஆகவே 'வான்ட் டு மீட்'. 'கெட் யூஸ்டு டு' என்பதும் இந்தச் சோதனையில் தேறும்: 'ஐ காட் யூஸ்டு டு த ஹீட்', 'ஐ காட் யூஸ்டு டு வெயிட்டிங்'. வேலூர் வெயிலில் இந்த இரண்டு வாக்கியங்களும் நிறையப் பேருக்குப் பயன்படும்.

தேவையில்லாத இடத்தில் சின்னச் சொல்லைச் சேர்ப்பது இன்னொரு வகை. 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும். 'பற்றி' என்ற தமிழ்ச் சொல்லும், 'டிஸ்கஷன் அபவுட்' என்ற பெயர்ச்சொல் வழக்கும் சேர்ந்து அந்தத் தவறை உண்டாக்குகின்றன. 'ரிக்வெஸ்ட் ஃபார்' என்பதிலும் இதே கதைதான்: பெயர்ச்சொல்லுக்கு 'ஃபார்' வரும், வினைக்கு வராது. 'ரிட்டர்ன் பேக்', 'ரீச் டு வேலூர்', அறைக்குள் 'என்டர் இன்டூ' எல்லாவற்றிலும் வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லை வெட்டிவிடலாம். ஒப்பந்தத்துக்கு மட்டும் 'என்டர் இன்டூ' சரி. 'கோப் அப் வித்' என்று ஒரு வினையே கிடையாது. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' ஆகியவற்றின் சாயலில் அந்த 'அப்' ஒட்டிக்கொண்டது. 'கோப் வித்' என்பதே சரி.

ஃப்ரேசல் வெர்ப் அல்லாத சில வினைகளிலும் தமிழ் உள்ளே புகுந்து வேலை செய்கிறது. 'வை' என்பதற்கு உடனே 'கீப்' வருகிறது. 'கீப் த ஃபைல் ஆன் த டேபிள்' என்றால் ஃபைல் மேஜையிலேயே இருக்கட்டும் என்று பொருள். இப்போது கொண்டுபோய் வைப்பது 'புட்'. 'விடு' என்பதற்கு 'லீவ்' வருகிறது. 'லீவ் மீ டு கோ' தவறு, 'லெட் மீ கோ' சரி. கடன் கொடுப்பது 'லெண்ட்', வாங்குவது 'பாரோ'. 'செட் மீ' இல்லை, 'டோல்டு மீ'. 'எக்ஸ்ப்ளெயின் மீ' இல்லை, 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ'.

நர்ஸிங் மாணவர்கள் 'லை', 'லே' இரண்டையும் தனியாக உட்கார்ந்து படிப்பது நல்லது. தானாகப் படுப்பது 'லை'. அதன் இறந்தகாலம் 'லே', மூன்றாம் வடிவம் 'லெய்ன்'. ஒருவரை, ஒன்றைக் கிடத்துவது 'லே'; அதன் இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் 'லெய்டு'. முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாவதன் நிகழ்காலமும் ஒரே உருவம் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். நோயாளியிடம் சொல்ல வேண்டியது 'ப்ளீஸ் லை டவுன்'. சார்ட்டில் எழுத வேண்டியது 'த பேஷன்ட் லே டவுன் அட் டென்'.

லாட்ஜ் போர்டு எழுதுபவர்களுக்கு ஒன்று. வினையாக வரும்போது 'செக் அவுட்' இரண்டு சொல், பேச்சில் அழுத்தம் 'அவுட்' மேல். 'செக்அவுட் டைம்' என்று பெயராக வரும்போது சேர்த்து எழுதலாம், அழுத்தம் 'செக்' மேல். 'லாக் இன்' என்பதும் அப்படித்தான். காலம் எப்போதும் முதல் சொல்லில்தான் மாறும்: 'லாக்டு இன்' உண்டு, 'லாகின்டு' கிடையாது.

படிக்கும்போது 'கெட்' என்று தலைப்பிட்டு நாற்பது வினைகளை வரிசையாக உருப்போட வேண்டாம், ஒன்றோடொன்று கலந்துவிடும். இடத்தை வைத்துப் பிரியுங்கள்: பஸ்ஸுக்கு நான்கு, மருந்துக்கடைக்கு ஐந்து, மெயிலுக்கு ஆறு. பிரியும் வினைக்கு 'இட்' வைத்து ஒரு முழு வாக்கியம் எழுதி, சின்னச் சொல்லை அழுத்தி வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'டர்ன் இட் ஆஃப்', 'ஃபில் இட் இன்', 'புட் இட் ஆஃப்'. பிரியாத வினைக்கு 'இட்' கடைசியில் வரும் வாக்கியம் எழுதுங்கள்: 'லுக் இன்டூ இட்'. ஒரு வாரம் கழித்து வினையை மறைத்துவிட்டுத் தமிழ்ச் சூழலை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். தடுமாறுகிறவற்றை மட்டும் அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.