தொட்டில் கொக்கி முதல் பால் பாட்டில் வரை: குழந்தைச் சாமான்கள் படுத்தும்போது என்ன செய்வது

குழந்தைக்கென்று வாங்கிய பொருள் ஒன்று மக்கர் செய்யும்போது, அது ஒழுங்காக வேலை செய்ய என்னென்ன தேவை, அவை நம் வீட்டில் இருக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் தொட்டிலுக்கு உறுதியான கொக்கி வேண்டும். பாட்டில்களை நீராவியில் சுத்தம் செய்யும் ஸ்டெரிலைசருக்கு உப்பில்லாத தண்ணீரும் நடுவில் அறுந்துபோகாத மின்சாரமும் வேண்டும். தள்ளுவண்டிக்குச் சமமான தெரு வேண்டும். காவிரிக் கரை ஊர்களில் இவை எல்லா வீட்டிலும் ஒருசேரக் கிடைப்பதில்லை. பிரசவித்த இருபதாம் நாள், தூக்கமில்லாத கண்களோடு, ஒழுகும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையோ என்று நான் அழுதிருக்கிறேன். அன்று அந்தப் பாட்டிலில் இருந்த கோளாறு, அடைப்பானுக்குள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்த ஒரு சிறிய ரப்பர் வளையம்தான்.

தொட்டிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் தொல்லை தருவதும், கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்தாக முடிவதும் அதுதான்.

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தூளி கட்டுவதற்கென்றே உத்தரத்தில் இரும்பு வளையம் இருக்கும். நம் தாத்தா காலத்திலிருந்து தொங்கும் வளையம் என்ற நம்பிக்கையில் நேராகக் குழந்தையைப் போட்டுவிடக் கூடாது. உத்தரத்தில் கரையான் ஏறியிருக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வளையத்தை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கலாம். ஏணி வைத்து ஏறி, வளையம் மரத்தைத் தொடும் இடத்தைக் கம்பியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். துரு பொருக்காக உதிர்ந்தால் வளையத்தை மாற்றிவிட வேண்டும். பிறகு 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூளியிலேயே வைத்துக் கட்டி, ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டு, காலையில் முடிச்சு இறங்கியிருக்கிறதா, வளையம் வளைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தையைக் கிடத்த வேண்டும். கான்கிரீட் வீடு என்றால் மின்விசிறிக் கொக்கியில் தொட்டில் மாட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, கொத்தனாரை அழைத்துத் தனிக் கொக்கி பதித்துக்கொள்வது நல்லது.

ஸ்பிரிங் தொட்டிலில் இரண்டு குறைகள் அடிக்கடி வரும். ஒன்று, மூன்று கிலோ எடையுள்ள சிசுவுக்கு ஸ்பிரிங் அசைவதே இல்லை. அது கடினமான ஸ்பிரிங். எவ்வளவு எடைக்கு உரியது என்று அட்டைப் பெட்டியில் பார்த்தால் தெரியும். ஆட வேண்டுமே என்று தொட்டிலை வெடுக்கென்று இழுத்து ஆட்டினால் குழந்தையின் கழுத்து குலுங்கும். அந்தச் சில மாதங்களுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றில் கட்டி மெல்லப் பக்கவாட்டில் ஆட்டினால் போதும். இன்னொன்று, கிறீச்சென்ற சத்தம். பிள்ளை கண் மூடும் நேரம் பார்த்து அது கிறீச்சிடும், பிள்ளை மறுபடி விழிக்கும். சத்தம் ஸ்பிரிங்கிலிருந்து வருவதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் கொக்கியும் வளையமும் உரசும் ஒரு விரல் அகல இடத்திலிருந்துதான் வருகிறது. அந்த இடத்தைத் துணியால் துடைத்து, தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டு, வழிந்ததை ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஸ்டாண்டில் மாட்டும் தொட்டிலானால், கொக்கி உட்காரும் குழாயின் மேல் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை இறுக்கமாகச் சுற்றினால் சத்தம் அடங்குகிறது. எங்கள் வீட்டில் ஆறு மாதம் இதுதான் கைகொடுத்தது. ஸ்பிரிங்குக்கு இணையாக, அதைவிடச் சற்று நீளமான உறுதியான கயிறு ஒன்றையும் கட்டி வையுங்கள். ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் தரையில் விழாமல் அந்தக் கயிறு தாங்கும்.

துணி குழந்தையின் முகத்தில் மூடிக்கொள்வதைத் தடுப்பது, இரு பக்கத்தையும் விரித்துப் பிடிக்கும் தொட்டில் கட்டைதான். அதை ஒருநாளும் எடுத்துவிடக் கூடாது. குழந்தையை மல்லாக்கக் கிடத்த வேண்டும், தலையணை வேண்டாம். தூளி எப்படிக் கட்டினாலும் நடுவில் குழிந்துதான் இருக்கும். அதனால் யாராவது விழித்துப் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அது ஏற்றது. இரவுத் தூக்கத்துக்குச் சமமான, அமுங்காத படுக்கையே பாதுகாப்பு. நான்கு மாதத்துக்கு மேல் பிள்ளை குப்புறத் திரும்பத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிடுவது உத்தமம் என்பது என் உறுதியான கருத்து. அவிழ்க்காமல் தொங்கும் சேலையில் மூத்த பிள்ளைகள் ஊஞ்சலாடிக் கழுத்து இறுகிய செய்திகளை நம் ஊர்ச் செய்தித்தாள்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்.

கொசுவலையைப் பற்றி நான்கு வரி போதும். வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வலையில்லாமல் முடியாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவித்தவர்களுக்கு 2015 முதல் வழங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்திலும் வலை இருந்தது. குடை வலைக்குள் படுத்தும் கொசு கடிக்கிறது என்றால், பிள்ளையின் கை வலையை ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். வலைக்கு வெளியிலிருந்தே கொசு கடித்துவிடும். பிள்ளைக்கு இரு பக்கமும் ஒரு சாண் இடம் விடும் அளவில் பெரிய வலையாக வாங்க வேண்டும்.

பாட்டிலும் ஸ்டெரிலைசரும் அடுத்த தலைவலி. தாய்ப்பால் போதுமான அளவு இருக்கும்போது பாட்டில் தேவையே இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பால் பாட்டிலுக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மருத்துவர் சொல்லி, வேறு வழியில்லாமல் கொடுப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பாட்டில் ஒழுகினால், மூடியை மேலும் மேலும் இறுக்காமல் எல்லாவற்றையும் பிரித்து மேசையில் வரிசையாக வைத்து, காற்று போகும் ரப்பர் வளையம் சரியான பக்கம் பார்த்திருக்கிறதா, காம்பின் விளிம்பு சுற்றிலும் மூடிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குடிக்கும்போது காம்பு உள்ளே ஒட்டிக்கொண்டு பிள்ளை அழுதால், மூடி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. கால் சுற்றுத் தளர்த்தினால் காற்று உள்ளே போகும். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக விழுந்தால் காம்பை மாற்ற வேண்டும்.

ஸ்டெரிலைசரின் அடித்தட்டில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ படிவது தண்ணீரின் உப்பு. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக்கரிக்கும் ஊர்களில் ஒரு வாரத்திலேயே இது படிந்து, தண்ணீர் இருக்கும்போதே இயந்திரம் தானாக நின்றுவிடும். கரண்டியால் சுரண்டினால் தட்டு பாழாகும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டு வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒன்றிரண்டு டீஸ்பூன் கரைத்து, அரை மணி நேரம் தட்டில் ஊறவிட்டுத் துடைத்தால் படிவு கழன்று வரும். பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். தினமும் வடிகட்டிய குடிநீரை ஊற்றினால் இந்த வேலை குறையும். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலிருந்து ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரத்தை நம்பியிருக்க முடியாது. எவர்சில்வர் குண்டானில் பாட்டில் முழுவதும் மூழ்கும்படி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் அதே பயன் கிடைக்கிறது. பவுடர் பால் கலக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும், கலந்த பின் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.

இத்தனை பாகங்களோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்குப் பாலாடை இருக்கிறது. வாய் குவிந்த அந்தச் சின்னக் கிண்ணத்தில் இடுக்கும் இல்லை, ரப்பரும் இல்லை. கழுவிக் கொதிநீரில் போட்டால் முடிந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் பாலாடையால் ஊட்டுகிறார்கள். பிள்ளையை மடியில் சற்று நிமிர்த்திப் பிடித்து, மூக்கைப் பிடித்து அடைக்காமல், உதட்டோரம் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும்.

வாக்கர் விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. சக்கரம் வைத்த அந்த வட்ட வண்டியைக் கனடா 2004இலேயே தடை செய்துவிட்டது. நம் வீடுகளில் அபாயம் இன்னும் அதிகம்: திண்ணையின் விளிம்பு, பள்ளமான முற்றம், கொல்லைப் படி என்று விழுவதற்கு மூன்று இடங்களாவது இருக்கும், பிள்ளையோ கண்மூடித் திறப்பதற்குள் அங்கே உருண்டுபோய்விடும். என் சித்தி ஆசையாக ஒன்று வாங்கி வந்தபோது, “சித்தி, இவன் தானா எழுந்து நிக்கட்டும், அப்புறம் நீங்களே ஒரு நடைவண்டி வாங்கித் தாங்க” என்று சொன்னேன். மனம் கோணாமல் கேட்டுக்கொண்டார். பத்தாம் மாதம் மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டியோடு வந்தார். பிள்ளை தானே நின்று, தானே தள்ளும் வண்டி அது.

தள்ளுவண்டி திடீரென ஒரு பக்கம் இழுத்தால், முன்சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும். கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தால் சரியாகிவிடும். வாங்காதவர்கள் அவசரப்பட வேண்டாம். தேர் ஓடும் வீதிகளைத் தவிர மற்ற இடங்களில் இடுப்புதான் வசதி.

பைக்கில் பிள்ளையை அழைத்துச் செல்வோருக்கு, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கவசமும் 2023 பிப்ரவரி 15 முதல் கட்டாயம்; வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டையின் வெல்க்ரோ ஒட்டவில்லை என்றால் அதில் பஞ்சு அடைத்திருக்கும். ஊக்கால் வரிசை வரிசையாக எடுத்துவிட்டு, இழுத்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். கழுத்து நிற்காத சிசுவுக்குப் பட்டை தீர்வாகாது. பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். வாடகைக் கார் எடுத்தால், பின் இருக்கையின் பெல்ட் உறைக்கு அடியில் புதைந்திருக்கிறதா என்று முந்தின நாளே ஓட்டுநரிடம் கேட்டு வெளியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பெல்ட் இல்லாமல் குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாது.

எந்தப் பொருளானாலும் ரசீதையும் அட்டைப் பெட்டியையும் ஒரு மாதம் வைத்திருங்கள். நான் வாங்கிய தள்ளுவண்டி ஒன்றில் மடக்கும் நெம்புகோல் பத்து நாளில் உடைந்தது. படமும் காணொளியும் எடுத்து, ரசீது எண்ணோடு எழுத்தில் அனுப்பிய பிறகுதான் கடைக்காரர் மாற்றித் தந்தார். அப்படியும் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையங்களும் உள்ளன. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை.

பயன்பாடு முடிந்ததைப் பரணில் ஏற்றும் முன் துணிகளை வெயிலில் காயவைத்து, பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். அடுத்த பிரசவத்துக்குக் காத்திருக்கும் உறவினருக்குக் கொசுவலையையும் பாலாடையையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆறு மாதம் ஆடித் தளர்ந்த தொட்டில் ஸ்பிரிங்கை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்.