மலையில் ஒரு குழந்தை வீட்டை இழக்கும்போது உற்றாரும் அயலாரும் செய்ய வேண்டியவை

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் ஒரு தாய் இறந்துபோனால், அவள் பிள்ளைகளுக்கு முதல் சில நாள் சோறு பக்கத்து வீடுகளிலிருந்தே வருகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான், இனி இவர்களை யார் பார்ப்பது என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படுகிறது. தகப்பன் வேலை தேடித் திருப்பூர் போனவன், பணம் அனுப்புவதில்லை. அப்பாயிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தாய்மாமன் வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அப்போது கூடியிருப்பவர்களில் ஒருவர், "ஹோமில் சேர்த்துவிடலாம்" என்கிறார்; குழந்தைகள் இல்லத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். அது கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை. ஆனால் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்றில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்த நான், அந்தச் சொல் அவசரப்பட்டு நிறைவேற்றப்பட்ட இடங்களில் பிள்ளைகள் மூன்று நான்கு ஆண்டுகளில் தம் சொந்த ஊருக்கே விருந்தாளிகளாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினாறு நாட்களுக்குள்ளும் அதன் பின்னும் என்ன செய்தால் குழந்தை தேவைக்கு மேல் ஓர் அடிகூடத் தள்ளிப்போகாமல் இருக்கும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, குழந்தைக்கு இருப்பது ஆபத்தா, ஆதரவின்மையா என்பது. அடி, பாலியல் வன்முறை, குழந்தைத் திருமணத்துக்கான ஏற்பாடு, வேலைக்கு அனுப்புதல் ஆகியவை ஆபத்து. அவற்றில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கூறுகிறது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதற்கு அதில் இடமில்லை. ஆனால் வறுமை ஆபத்து அன்று. சோறும் உடையும் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு குழந்தையைப் பாட்டியிடமிருந்து பிரிப்பதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கம் ஏற்பதில்லை. குழந்தையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்றும், நிறுவனத்தில் சேர்ப்பது மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பின்னரே என்றும் அதன் அடிப்படைக் கொள்கைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டு நிலையிலும் அழைக்க வேண்டிய எண் ஒன்றே: குழந்தைகள் உதவி எண்ணான 1098. கட்டணமில்லாத இந்த எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல விரும்பாதவர் சொல்லாமலே தகவல் தரலாம். நீலகிரியின் பந்தலூர், குந்தா வட்டாரங்களில் தொலைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், பேசத் தொடங்கியதும் முதலில் ஊர், தோட்டத்தின் பிரிவு, லைன் எண், மழையில் வண்டி வரக்கூடிய கடைசி இடம் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும்; கதை பிறகு. அழைத்த தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கும் எண்ணத்திலும்கூடக் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளிப்படுத்துவது சட்டப்படி தண்டனைக்குரியது. தவிர, சிறிய மலையூரில் அந்தப் படம் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் வரை துரத்தும்.

பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கு மட்டுமே உண்டு. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட இந்தக் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்; நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரங்கள் குழுவுக்கு உண்டு. குழந்தையைக் காவலரோ, 1098 பணியாளரோ, ஆசிரியரோ, அக்கறையுள்ள எவரும் முன்னிறுத்தலாம். குழந்தை தானாகவும் போகலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டும் என்பது விதி. இந்தப் 'பயண நேரம் நீங்கலாக' என்ற சொற்கள் எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டவை என்று நினைத்துக்கொள்வேன். பந்தலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஆடி மழையில் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்தால் அன்றைக்குப் பேருந்தில்லை. குழு அமர்வில் இல்லாத நாளில் ஒரே ஓர் உறுப்பினர் முன்னிலையிலும் குழந்தையை நிறுத்தலாம். ஆகவே "இன்று குழு கூடவில்லை, அதனால் நேராக இல்லத்தில் விட்டுவிட்டோம்" என்ற காரணம் செல்லாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலவசப் படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு என்று சொல்லிச் சமவெளியிலிருந்து வரும் அன்பர்களிடம் பிள்ளைகளை நேரடியாக ஒப்படைக்கும் பழக்கம் மலையில் நெடுநாளாக இருக்கிறது. குழுவின் ஆணை இல்லாமல் போகும் குழந்தைக்குக் கோப்பு இல்லை. கோப்பு இல்லாத குழந்தையை எவரும் மறுபரிசீலனை செய்வதில்லை. பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும், அரசு நடத்தினாலும் தொண்டு நிறுவனம் நடத்தினாலும், இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றி நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் உள்ள எண்ணை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சரிபாருங்கள். கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் இல்லத்தில் குழந்தையை விட வேண்டாம்.

உறவின் பட்டியல்

குழு முதலில் ஆராய்வது, இந்தக் குழந்தைக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பதை. அதற்காகச் சமூக விசாரணை அறிக்கை ஒன்றைப் 15 நாட்களுக்குள் பெற வேண்டும். அறிக்கை எழுதும் அலுவலர் அயலூர்க்காரர். ஒரு பிற்பகலில் வந்து, வீட்டில் இருப்பவர்களைக் கேட்டு எழுதிச் செல்வார். மாவட்டம் முழுவதற்கும் இருப்பது ஓர் அலகுதான் என்பதால், அவர் இரண்டாம் முறை வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அன்று வாய் திறக்காத உறவு, காகிதத்தில் இல்லாத உறவாகிவிடும். இந்த ஒரு பிற்பகலுக்கு ஆயத்தமாவதே நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் கருத்து.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, தந்தை வழி, தாய் வழி என இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். அப்பாயி, அம்மாயி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், சித்தி, மணமாகிப் போன அக்கா, எல்லாரையும் எழுத வேண்டும். பெயரோடு ஊர், தொலைபேசி எண், வருமானம், வீட்டில் இருப்போர் எத்தனை பேர், குழந்தை அவரிடம் முன்பு தங்கியதுண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பங்களுக்குக் கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம், சேலம் என்று உறவு சிதறிக் கிடக்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இருக்கும் பெயர்ப் பட்டியல் சில வேளை அலுவலகக் கோப்பைவிடப் பயன்படும். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிக் குடும்பங்களின் உறவினர் கேரளத்தின் வயநாட்டிலும் இருப்பார்கள். மாநில எல்லை குறுக்கே வருவதால் அவர்களை விட்டுவிட வேண்டியதில்லை. அந்த மாவட்டத்துக் குழுவிடம் வீட்டுச் சூழல் அறிக்கையைக் கேட்டுப் பெறும்படி இங்குள்ள குழுவை வேண்டலாம். குழந்தையையும் தனியாக, பொறுமையாக, அதன் மொழியில் கேளுங்கள். யார் மடியில் உறங்கும் என்பது குழந்தைக்குத் தெரியும்.

"வைத்துக்கொள்ளத் தயார்தான், ஆனால் எப்படிச் சாப்பாடு போடுவேன்?" என்று உறவினர் கேட்டால், அவர் மறுக்கிறார் என்று எழுதிவிடக் கூடாது. அவர் கேட்பது பணம் பற்றிய கேள்வி. அதற்கு விடை இருக்கிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவின் நிதி ஆதரவாக ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினரிடம் வளரும் பெற்றோரில்லாப் பிள்ளைகள், பெற்றோர் கொடிய நோயிலோ செயலிழந்தோ இருக்கும் பிள்ளைகள் இதில் வருவார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது. தேவர்சோலை, ஓவேலி போன்ற தோட்டப் பகுதிகள் பார்வைக்குக் காடும் மலையுமாக இருந்தாலும் ஊராட்சிகள் அல்ல, பேரூராட்சிகள் என்பதை விண்ணப்பத்தில் மறந்துவிடாதீர்கள். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. எது பொருந்தும் என்பதை அலகு முடிவுசெய்யும். கேட்பவர் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்த உதவிகள் பெரும்பாலும் தடைபடுவது ஒரே இடத்தில்: இறப்புச் சான்றிதழ். லைன் வீட்டிலோ பழங்குடிக் குடியிருப்பான பதியிலோ நேர்ந்த இறப்பைப் பதியாமல் விட்டுவிடுகிறோம். 21 நாட்களுக்குள் ஊராட்சிப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சி, நகராட்சிப் பகுதியில் அந்தந்த அலுவலகத்திலும் பதிந்துவிட்டால் எளிது. ஓராண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் ஆணை பெற்று வரும்படி அலைய வேண்டியிருக்கும். துக்க வீட்டில் இதைப் பேசுவது எப்படி என்று தயங்குவோம். பேசத்தான் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு, பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றையும் ஒரே பையில் சேர்த்துவிட்டால் குடும்பத்தின் பாரம் பாதி குறையும்.

உறவே இல்லாத, அல்லது உறவே ஆபத்தான குழந்தைக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்றொரு வழி உண்டு. குழு தேர்ந்தெடுக்கும் வேறொரு குடும்பத்தில் குழந்தை குறிப்பிட்ட காலம் வளரும். இது தத்து அன்று. பிள்ளையில்லாத தம்பதிக்குக் கைக்குழந்தையை ஊரார் முன்னிலையில் கொடுத்துவிடுவதும் தத்து அன்று. சட்டத்துக்குப் புறம்பான அச்செயல், கொடுத்தவரையும் பெற்றவரையும் சிறைவரை கொண்டுபோகும்.

இல்லமே வழி என்றானால்

சில குழந்தைகளுக்கு இல்லம்தான் பாதுகாப்பு. அப்போது நம் வேலை முடிவதில்லை. ஆணை பிறக்கும் முன்பே குழுவிடம் எழுத்தில் மூன்று வேண்டுகோள்களை வைக்கலாம்: மாவட்டத்துக்குள்ளேயே இடம் தர வேண்டும், உடன்பிறந்தோரைப் பிரிக்கக் கூடாது, குழந்தையின் வீட்டு மொழி இன்னது என்று கோப்பில் குறிக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இல்லங்கள் தனித்தனியாக நடப்பதால் அக்காளும் தம்பியும் பிரிய நேர்வது வழக்கம். எங்கள் ஊரில் அப்படிப் பிரிந்த ஒரு தம்பி, இரண்டு ஆண்டு கழித்து அக்காளைப் பார்த்தபோது அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்துகொண்டான். மாதம் ஒருமுறை இருவரும் சந்திக்க வேண்டும் என்று ஆணையிலேயே எழுதும்படி கேட்டிருக்கலாம். அது அன்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

இல்லத்தில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். வீட்டுக்குத் திரும்புவதற்கு எது தடை, அதை யார் எப்போது நீக்குவார் என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். குழுவின் விசாரணை நான்கு மாதங்களுக்குள் முடிய வேண்டும். அந்த நான்கு மாதத்தில் உறவினர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை என்றால், குழந்தையை ஏற்க ஆளில்லை என்றே கோப்பு சொல்லும். தேயிலை பறிக்கும் வேலையில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பதை இல்லத்தாரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க அனுமதி கேளுங்கள். போக முடியாத மாதத்தில் தொலைபேசியில் பேசுங்கள். போகும்போது தின்பண்டத்தோடு ஊர்ச் செய்தியையும் கொண்டுபோங்கள். நாய் குட்டி போட்டதும், கோயில் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்பதும் அந்தக் குழந்தைக்கு வேண்டிய செய்திகள்.

பார்க்கப் போனால் கண்ணையும் திறந்து வைத்திருங்கள். குழந்தையோடு சற்று நேரம் தனியே பேச விடுகிறார்களா, உடம்பில் காயமுண்டா, குளிருக்குப் போதிய கம்பளி இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லத்தில் ஒழுங்குக்காக அடிப்பதும் சட்டப்படி குற்றம். ஐயம் எழுந்தால் இல்லத்தாரோடு சண்டையிடாமல் குழுவுக்கு எழுதுங்கள். சண்டையின் விளைவு குழந்தையின்மேல் விழும்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியையும் பலர் 'ஹோம்' என்றே சொல்கிறார்கள். அது பள்ளி, குழுவின் ஆணை அதற்குத் தேவையில்லை. ஆயினும் மே மாதம் விடுதி மூடும்போது பெற்றோரில்லாத பிள்ளை எங்கே போகும் என்பதை ஏப்ரலிலேயே தலைமையாசிரியரிடம் கேட்டு வைப்பது கிராமக் குழுவின் கடமை.

பதினெட்டு வயதில் இல்லத்தின் வாசல் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு 21 வயது வரை படிப்புக்கும் தொழிலுக்கும் உதவும் பிற்காப்பு உண்டு. ஆனால் அது தானாக வராது, முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். பிள்ளைக்குப் பதினாறு முடிந்ததும் அலகிடம் அதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். பழங்குடிப் பிள்ளையாக இருந்தால் சாதிச் சான்று கையில் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். ஊரைவிட்டு வெளியே வளர்ந்த பிள்ளைக்குப் பிறகு அதை வாங்குவது பெரும்பாடு. குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருந்தால், அப்பாயியோ மாமனோ உயிரோடு இருக்கும்போதே அதைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.