கீரிப்பூச்சியை வீட்டைவிட்டு விரட்ட: மாத்திரை போடும் நாளும் அடுத்த 14 நாட்களும்

பூச்சி மாத்திரை கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிள்ளை மறுபடியும் ராத்திரியில் பின்பக்கத்தைச் சொறிகிறது. உடனே மாத்திரை மேல்தான் பழி விழும். மருந்து வயிற்றுக்குள் இருக்கும் புழுவைக் கொல்லும். ஆனால் நகத்தடியிலும் ஜட்டியிலும் போர்வையிலும் கிடக்கும் முட்டைகளை அது எப்படித் தொடும்? வீட்டில் ஒருவருக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, போர்வையை அப்படியே விட்டுவிட்டால் கீரிப்பூச்சி திரும்பி வரத்தான் செய்யும்.

கீரிப்பூச்சி, அதாவது நூல்புழு, வெள்ளையாக ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் தையல்நூல் துண்டு போல இருக்கும். பெருங்குடலில் வாழும் பெண்புழு, பிள்ளை தூங்கிய பிறகு ஆசனவாய் வழியே வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் 10,000 முட்டைகள் வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். அரிப்பு அதனால்தான் இரவில் வருகிறது. இட்ட முட்டை நான்கைந்து மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சொறிந்த விரல் காலையில் வாய்க்குப் போனால் ஒரு சுற்று முடிந்தது. விழுங்கிய முட்டை முதிர்ந்து அடுத்த முட்டை இட ஏறக்குறைய ஒரு மாதம். வீட்டுக்குள் விழுந்த முட்டை இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும்.

உறுதி செய்வது

பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து ஆசனவாய் மடிப்புகளை விலக்கிப் பாருங்கள். நெளிகிற நூல் தெரிந்தால் அதற்குமேல் சோதனை வேண்டாம். தெரியாவிட்டால், காலையில் எழுந்ததும் கழிப்பறைக்குப் போகும் முன், கழுவும் முன், செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தை அந்த இடத்தில் அழுத்தி எடுத்து, லேபில் வாங்கிய கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக் கொடுங்கள். தொடர்ந்து மூன்று காலைகள் எடுத்தால்தான் நம்பலாம். மலப் பரிசோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முட்டை தோலில் இருக்கிறது, மலத்தில் அல்ல.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதும், பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பதும் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். சர்க்கரையிலிருந்து எந்தப் புழுவும் பிறக்காது. பல் கடிப்பதை மட்டும் வைத்து மருந்து கொடுக்கவும் வேண்டாம். ஆனால் சிறுமிகளுக்குப் பிறப்புறுப்பில் நமைச்சலோ, சிறுநீர் போகும்போது எரிச்சலோ இருந்தால் கீரிப்பூச்சியையும் நினைத்துப் பாருங்கள். புழு அங்கேயும் ஊர்ந்து போகும்.

மாத்திரை

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை. இரண்டு வயதுக்கு மேல் இதுவே அளவு. ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான். சிரப் என்றால் பெரும்பாலும் 5 மில்லியில் 200 மில்லிகிராம் இருக்கும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அளவுங்கள். பெரியவர்கள் மென்று விழுங்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து முழு மாத்திரையைத் திணித்தால் புரையேறும், அது உயிருக்கே ஆபத்து. வெறும் வயிறும் விளக்கெண்ணெய்ப் பேதியும் தேவையில்லை.

மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் சேர்ந்த கூட்டு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதுண்டு. கீரிப்பூச்சிக்கு அது வேண்டாம். 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள், அல்பெண்டசோலைத் தாமாகப் போட வேண்டாம். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள். அப்பா விட்டுவிட்டால் அடுத்த மாதம் அவரிடமிருந்து தொடங்கும். 14 நாள் கழித்து எல்லோரும் இன்னொரு முறை. முதல் மருந்துக்குப் பிறகு உள்ளே போன முட்டைகள் இந்த இடைவெளியில் புழுவாகியிருக்கும், ஆனால் இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது. இந்த இரண்டாவது வேளையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

காலை வேலை

மாத்திரை போட்ட மறுநாள் காலை எல்லாப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, இரவு உடைகளையும் துவைத்துவிடுங்கள். உதறாதீர்கள். நம் வீடுகளில் போர்வையை நாலு உதறு உதறித்தான் மடிப்போம். உதறினால் முட்டைகள் காற்றில் பறந்து தரை, மேஜை, சாப்பாடு எல்லாவற்றிலும் படியும். அப்படியே சுருட்டி, கை தாங்காத சூட்டில் இருக்கும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மெத்தையையும் மொட்டைமாடியில் போடுங்கள். தரையைத் துடைப்பத்தால் கூட்டும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். பினாயிலை நம்ப வேண்டாம், முட்டையை வழித்து எடுப்பதுதான் வேலை செய்யும்.

அடுத்த 14 நாளும் பிள்ளை எழுந்த வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் ஜட்டியைக் கழற்றி நேராக வாளியில் போடு, ஆசனவாய்ப் பகுதியைச் சோப்புப் போட்டுக் கழுவு, கையை நகத்தடி வரை தேய்த்துக் கழுவு, அப்புறம்தான் பிரஷ், அப்புறம்தான் பால். பல வீடுகளில் எழுந்ததும் பிரஷ் வாய்க்குள் போய்விடுகிறது, ராத்திரி சொறிந்த அதே கையால். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இரவில் இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்கவையுங்கள், விரல் நேரடியாகத் தோலில் படாது. டவலை ஆளுக்கொன்றாகப் பிரியுங்கள். வீட்டு நாயையும் பூனையையும் குறை சொல்ல வேண்டாம். கீரிப்பூச்சி மனிதரிடமிருந்துதான் மனிதருக்கு வரும்.

மற்ற புழுக்கள்

கொக்கிப்புழுவின் கதை வேறு. மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். கழிப்பறையும் செருப்பும்தான் தடுப்பு. கை கழுவினால் மட்டும் தீராது. குடலில் ஒட்டி ரத்தம் குடிப்பதால் கண் உள்ளிமை வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் பார்த்து, மாத்திரையோடு இரும்புச்சத்தும் எடுக்க வேண்டும்.

உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கீரை, கொத்தமல்லி, கேரட்டை மூன்று முறை புதுத் தண்ணீரில் அலசி, கடைசியில் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். உப்பும் மஞ்சளும் அந்த முட்டையைக் கொல்லாது. இந்த இரண்டுக்கும் சாட்டைப்புழுவுக்கும்தான் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை மாத்திரை தருகிறார்கள். 2015-இல் தொடங்கிய திட்டம் அது. கீரிப்பூச்சிக்கு அந்த ஒரு மாத்திரையை முதல் வேளையாகக் கணக்கில் வைத்து, 14-ஆம் நாள் வீட்டில் இரண்டாவதைக் கொடுக்கலாம். அன்றே வீட்டில் மற்றவர்களும் போட்டிருக்க வேண்டும்.

மலத்தில் தட்டையான ரிப்பன் துண்டுகள் வந்தால் அது நாடாப்புழு. ஒரு வேளை அல்பெண்டசோலால் அதை நம்பிக்கையாக ஒழிக்க முடியாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். இரண்டு வேளை மருந்தும் சலவையும் முடிந்து மூன்று வாரத்தில் மறுபடியும் இரவு அரிப்பு வந்தாலும் அப்படியே. செல்லோடேப் ஸ்லைடை எடுத்துக்கொண்டு போங்கள், மாத்திரையை நீங்களாகவே கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.