பிரித்துப் பூட்டக்கூடிய அகலமான வெட்டுத் தலைச் சட்டகம்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பகுதி வயல்களில் பெரும்போக அறுவடைக்கு வரும் இயந்திரங்களின் முன்புற வெட்டுத் தலை, பொதுவாக இரண்டு மீட்டரை ஒட்டிய அகலம் கொண்டது. அதற்கு மேல் அகலப்படுத்தினால் ஒரே நடையில் அதிக நிலத்தை வெட்டலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் எண்ணம்தான். வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் 12 மீட்டரைத் தாண்டிய வெட்டுத் தலைகள் சாதாரணமாகப் புழங்குகின்றன. ஆனால் அகலமான தலையை வீதியில் கொண்டு செல்ல முடியாது; வாய்க்கால் கட்டு வழியாக வயலுக்குள் இறக்குவது அதைவிடக் கடினம். இதற்குத் தீர்வு, சட்டகத்தைத் துண்டுகளாக வடிவமைத்து வயலோரத்தில் பூட்டிக்கொள்வதாகும்.

திருகோணமலையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களையும் தொழில்நுட்பக் கல்வி பயிலும் இளைஞர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: எங்கே பிரிப்பது, எப்படி இணைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், எந்த பொக்ஸ் பார் (சதுர உட்குழல் உருக்குக் குழாய்) வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரவேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

படி 1: துண்டுகளின் நீளத்தைத் தீர்மானித்தல்

எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலமுள்ள தலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுத் துண்டு ஒன்றும் இருபுறமும் இறக்கைத் துண்டுகள் இரண்டுமாக மூன்றாகப் பிரிப்பது எளிது. நடுத் துண்டு இயந்திரத்தின் உடல் அகலத்தைத் தாண்டாமல் இருந்தால், அதைக் கழற்றாமலே வீதியில் ஓட்டிச் செல்லலாம். இறக்கைகள் இரண்டும் உழவு இயந்திரப் பெட்டியில் பின்னால் வரும்.

நடுத் துண்டை 2 மீட்டர், இறக்கைகளை 1.5 மீட்டர் என்று முழு எண்ணாக வெட்டிவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். வெட்டும் கத்தியில் முக்கோணத் தகடுகள் சம இடைவெளியில் தறையப்பட்டிருக்கும். பரவலாகக் கிடைக்கும் வகையில் அந்த இடைவெளி 76.2 மி.மீ., அதாவது 3 அங்குலம். கத்தியைத் தாங்கும் காப்பு விரல்களும் அதே இடைவெளியில்தான் நிற்கும். துண்டின் நீளம் இந்த அளவின் முழு மடங்காக இல்லாவிட்டால், இணைப்பு ஒரு விரலின் நடுவே வந்து விழும். அந்த இடத்தில் பயிர் வெட்டுப்படாமல் கசங்கும். ஆகவே நடுத் துண்டுக்கு 26 தகடுகள், அதாவது 1981.2 மி.மீ.; இறக்கை ஒவ்வொன்றுக்கும் 20 தகடுகள், அதாவது 1524 மி.மீ.; மொத்தம் 5029.2 மி.மீ. வேறு இடைவெளி கொண்ட கத்திகளும் உண்டு என்பதால், உங்கள் கையில் இருக்கும் கத்தியைப் பத்துத் தகடுகளுக்கு அளந்து, பத்தால் வகுத்து, அந்த எண்ணை வைத்தே கணக்கைத் தொடங்குங்கள்.

படி 2: சுமையைக் கணக்கிடுதல்

ஓர் இறக்கையின் எடையில் சட்டகத்தின் முதுகெலும்பான பின்புறக் குழாய், கத்தி, தகட்டுத் தளம், பயிரைக் கத்தியின் பக்கம் சாய்க்கும் சுழல் சட்டமான ரீலின் ஒரு பகுதி, பயிரை நடுவுக்கு ஒதுக்கும் திருகுருளையின் ஒரு பகுதி, அதன் மேல் கிடக்கும் ஈரப் பயிர் எல்லாம் அடங்கும். இவை 240 கி.கி. என்று கொள்வோம். அதாவது 2,350 நியூட்டன் சுமை, 1.5 மீட்டர் நீளத்தில் சீராகப் பரவியிருக்கிறது. சீரான சுமையின் மையம் பாதித் தூரத்தில் இருப்பதால், இணைப்பில் விழும் வளைவுத் திருப்பம் (இணைப்பை வளைக்கும் வலு: விசை × தூரம்) 2,350 × 0.75, அதாவது சுமார் 1,760 நியூட்டன் மீட்டர்.

இது இயந்திரம் அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. வரம்பு ஏறி இறங்கும்போது சுமை துள்ளும். அதற்காக மூன்று மடங்கு எடுத்து 5,300 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று என்பது சட்டமல்ல, ஓர் எச்சரிக்கையான தொடக்கம். வரம்புகள் உயர்ந்த வயலில் வேகமாக ஓட்டுபவரின் இயந்திரத்துக்கு அதைக் கூட்டுவதில் தவறில்லை.

இன்னொரு சுமையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கத்தியும் தளமும் பின்புறக் குழாய்க்கு முன்னால் தொங்குகின்றன. இறக்கையின் ஈர்ப்பு மையம் குழாயிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருந்தால், அதே 2,350 நியூட்டன் குழாயைச் சுமார் 1,180 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கவும் செய்கிறது. மூன்று மடங்கில் இது 3,500-ஐத் தாண்டும்.

படி 3: குழாயைத் தேர்ந்தெடுத்தல்

100 × 100 மி.மீ. அளவில் 5 மி.மீ. சுவர் கொண்ட பொக்ஸ் பாரை எடுத்துப் பார்ப்போம். ஒரு மீட்டரின் எடை 15 கி.கி. அளவில் வரும். 5,300 நியூட்டன் மீட்டர் திருப்பத்தில் அதன் மேல் சுவரில் ஏறத்தாழ 92 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ. மீதும் 92 நியூட்டன் இழுவிசை, ஏற்படும். சாதாரண மென்னுருக்கு 250 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக வளையாது. நிற்கும் நிலையில் இறக்கையின் நுனி 1.7 மி.மீ. மட்டுமே தாழும். நல்ல தேர்வு.

இப்போது இறக்கையை 3 மீட்டராக நீட்டி, எடையும் அதற்கேற்ப இரட்டிக்கிறது என்று வைத்து அதே குழாயைச் சோதியுங்கள். திருப்பம் நான்கு மடங்காகித் தகைவு 370 மெகாபாஸ்கலுக்குப் போகிறது, குழாய் வளைந்துவிடும். நுனித் தாழ்வோ பதினாறு மடங்காகி 28 மி.மீ. ஆகிறது. 150 × 150 × 6 குழாய்க்கு மாறினால்தான் தகைவு 133 மெகாபாஸ்கலுக்கும் தாழ்வு 7 மி.மீ. அளவுக்கும் இறங்கும்; ஆனால் மீட்டருக்கு 27 கி.கி. சுமக்க வேண்டும். வயல் சேறு காயாத மாசி மாதத்தில், இயந்திரத்தின் மூக்கில் கூடும் ஒவ்வொரு கிலோவும் இயந்திரம் ஊர்ந்து செல்லும் சங்கிலிப் பட்டையின் முன்பகுதியைச் சேற்றுக்குள் அழுத்தும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அகலத்தை முடிவு செய்யுங்கள்.

குழாய் மூடிய வடிவமாகவே இருக்க வேண்டும். மேலே சொன்ன 100 மி.மீ. குழாயை நீளவாட்டில் ஒரு கீறல் கீறித் திறந்துவிட்டால், அதன் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ 270-இல் ஒரு பங்காக விழுந்துவிடும். எண்ணெய்க் குழாயை உள்ளே விடுவதற்கென்று பக்கச் சுவரில் நீளமான வாயில் வெட்டுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். சி வடிவச் சனலும் திறந்த வடிவம்தான். அது முதுகெலும்புக்கு உதவாது.

படி 4: இணைப்பு

இங்கே நிதானமாக இருங்கள், ஏனெனில் சட்டகத்தின் நேர்த்தி முழுவதும் இங்கேதான் கிடைக்கிறது அல்லது தொலைகிறது. குழாயின் முனைகளில் 200 × 200 மி.மீ. அளவும் 16 மி.மீ. தடிப்பும் உள்ள தட்டுகளை ஒட்டி, அவற்றை நான்கு போல்ட்டுகளால் இணைப்பதாகக் கொள்வோம். அந்த இரு தட்டுகளின் மேல் விளிம்பில் அரை மி.மீ. இடைவெளி இருந்தால் என்ன நடக்கும்? 0.5-ஐ 200-ஆல் வகுத்து 1,500-ஆல் பெருக்குங்கள்: இறக்கையின் நுனி 3.75 மி.மீ. தாழ்கிறது. குழாய் தானாக வளைந்து தாழ்வது 1.7 மி.மீ. மட்டுமே. தடித்த குழாய்க்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்தத் தட்டுகளின் முகத்துக்குச் செலவிடுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். நுனி தாழ்வதைவிட, இணைப்பில் கத்தியின் பாதை முறிவதுதான் பெரிய தொல்லை; அங்கே கத்தி விரல்களோடு உரசிச் சூடேறித் தேயும்.

போல்ட்டுகளை எங்கே வைப்பது? குழாயின் விளிம்பு மையத்திலிருந்து 50 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, வெல்டிங் இன்னும் 6 மி.மீ. எடுத்துக்கொள்ளும். 16 மி.மீ. போல்ட்டை இறுக்கும் சொக்கட்டின் வெளிவிட்டம் 32 மி.மீ. அளவில் இருக்கும் என்பதால், போல்ட்டின் மையம் 75 மி.மீ. தூரத்திலாவது இருக்க வேண்டும். ஆகவே துளைகள் 150 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளில் அமையும். காகிதத்தில் அழகாக வரைந்துவிட்டுச் சொக்கட் நுழையாமல் தவிப்பதைத் தவிர்க்க, சொக்கட்டைத் தட்டின் மேல் வைத்து வட்டம் வரைந்து பார்ப்பது நல்லது.

தொங்கும் இறக்கை இணைப்பின் மேற்பகுதியை இழுக்கிறது, கீழ்ப்பகுதியை அழுத்துகிறது. குழாயின் கீழ்ச்சுவரை நெம்புமையமாகக் கொண்டால், மேல் போல்ட்டுகள் வரை 125 மி.மீ. 5,300 நியூட்டன் மீட்டரை 0.125-ஆல் வகுத்தால் 42 கிலோ நியூட்டன். அது இரண்டு போல்ட்டுகளுக்குப் பகிரப்பட்டு ஒவ்வொன்றிலும் 21 ஆகிறது. 8.8 தரமுள்ள 16 மி.மீ. போல்ட்டை, டோர்க் ஸ்பானர் கொண்டு சுமார் 200 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால், அது தட்டுகளை 60 கிலோ நியூட்டன் அளவில் சேர்த்துப் பிடிக்கும். வெளிச் சுமை அதைவிட மிகக் குறைவாக இருப்பதால் முகங்கள் திறக்கமாட்டா. திறக்காத இணைப்பில் போல்ட்டு சோர்ந்து முறிவது அரிது. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முறுக்கை உராய்வு தாங்கும். ஆனால் உராய்வை மட்டும் நம்பாமல், மூலைவிட்டத்தில் எதிரெதிராக 20 மி.மீ. உருக்கு ஊசிகள் இரண்டைப் பொருத்துங்கள். எதிர்த் தட்டில் ஒரு துளை சரியான வட்டமாகவும், மற்றது முதல் ஊசியை நோக்கிச் சற்று நீண்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் இறுக்கமான வட்டமாகத் துளைத்தால், வெயிலில் கிடந்த இறக்கை நிழலில் நின்ற நடுத் துண்டோடு சேராது. ஊசி முனையைக் கூம்பாகத் தீட்டிவிடுங்கள். வயலோரத்தில் இருவர் தள்ளிச் சேர்க்கும்போது அதன் அருமை தெரியும். தட்டு முகங்களில் பெயின்ற் பூசக்கூடாது. பூச்சு நாளடைவில் நசுங்கி, போல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்திவிடும். கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்று துருவேற்றும் என்பதால், பூட்டும் முன் மெல்லிய துரு தடுப்பு எண்ணெயைத் தடவித் துடைத்துவிடுவது போதுமானது.

படி 5: ஜிக் வைத்து ஒட்டுதல்

எந்த இறக்கையும் எந்த இயந்திரத்தின் நடுத் துண்டோடும் சேர வேண்டுமானால், துளைகளை ஒரே மாதிரித் தட்டை வைத்துத் துளைக்க வேண்டும். 25 மி.மீ. தடிப்புள்ள ஒரு தகட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்துத் துல்லியமாகத் துளைத்து வாங்கிவிட்டால், அதுவே துளை வழிகாட்டியாகவும், ஒட்டும்போது தட்டை அசையாமல் சரியான இடத்தில் பிடிக்கும் ஜிக்காகவும் இருக்கும்.

குழாயைச் சுற்றி ஒட்டும்போது, வெல்டிங் குளிர்ந்து சுருங்கித் தட்டின் விளிம்புகளைக் குழாயின் பக்கம் இழுக்கும். உருக்கு அடிமட்டம் ஒன்றை முகத்தின் குறுக்கே நிறுத்தி, பின்னாலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள்: அடிமட்டம் நடுவில் ஊன்றி இருபுறமும் ஆடும், மூலைகளில், சரியாகப் போல்ட்டு விழும் இடத்தில், வெளிச்சக் கீற்றுத் தெரியும். இதைக் கட்டுப்படுத்த, தட்டை ஜிக் தகட்டோடு நான்கு போல்ட்டுகளாலும் இறுக்கி, முதலில் எதிரெதிர் மூலைகளில் சிறு புள்ளி ஒட்டுகள் இட்டு, பின்னர் ஒரு பக்கம், அதன் எதிர்ப்பக்கம் என்று மாறிமாறி ஒட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை கழற்றாதீர்கள். நீர் ஊற்றிக் குளிரவைப்பது கூடவே கூடாது. அதன் பிறகும் 0.1 மி.மீ. அளவுத் தகடு மூலையில் நுழைந்தால், நடுமேட்டைக் கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்க வேண்டும்.

குழாயின் மேல் முகத்தில் குறுக்காக எதையும் ஒட்டாதீர்கள். இழுவிசை மிகுந்த இடம் அது. வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். தாங்கிகளைப் பக்கச் சுவரின் நடு உயரத்தில் ஒட்டுங்கள். முக்கோண ஆதாரத் தகடு வைத்தால் அதன் முனை சட்டென முடியாமல் மெலிந்து முடியட்டும்.

படி 6: சுழலும் பாகங்கள்

கத்தியைத் துண்டுகளாக்க வேண்டியதில்லை. முதுகுப் பட்டையில் இணைப்புத் தகடு வைத்து ஒன்றாக்கி, நுனி வழியாக உருவிக்கொள்ளலாம். அகலம் இதைவிட மிகவும் கூடினால், இரண்டு கத்திகளை இரு முனைகளிலிருந்தும் எதிரெதிராக ஓட்டுவது அதிர்வைக் குறைக்கும். திருகுருளையின் தண்டை அறுகோண முனையால் இணைத்து, இணைப்பின் அருகில் ஒரு தாங்கு பெயரிங் கொடுங்கள். திருகுருளைக்குப் பதில் ஓடும் பட்டியை வைத்தால், ஒவ்வோர் இறக்கைக்கும் தனிப் பட்டியும் தனி ஹைட்ரோலிக் மோட்டரும் போதும். கழற்றுவது விரைவுக் கப்ளிங் இரண்டைப் பிடுங்குவதோடு முடிந்துவிடும். பெரிய அளவில் துண்டுச் சட்டகம் செய்பவர்கள் பட்டி வகையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: வயலுக்கு முன் சோதனை

முதலில், இயந்திரத்தின் கையேட்டில் முன் தூக்கி எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதைப் பார்த்து, முழுத் தலையின் எடையை அதோடு ஒப்பிடுங்கள். பிறகு சமதரையில் தலையைத் தூக்கி, தூக்கியின் பாதுகாப்புக் கட்டையைப் போட்டு, எஞ்சினை நிறுத்திய பின்னரே கீழே குனியுங்கள். ஹைட்ரோலிக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது.

இரு நுனிகளுக்கும் இடையே நூல் கட்டி, இணைப்புகளில் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இறக்கையின் மேலும் மணல் மூட்டைகளைச் சீராக அடுக்கி, இறக்கையின் எடைக்குச் சமமான சுமையை ஏற்றி மீண்டும் அளவெடுங்கள். மூட்டைகளை இறக்கிய பின் நூல் பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால், இணைப்பில் ஏதோ நழுவியிருக்கிறது. குழாயைக் குறை சொல்லும் முன் போல்ட்டுகளையும் முகங்களையும் பாருங்கள்.

முதல் நாள் வெட்டை ஒரு மணித்தியாலத்தில் நிறுத்தி எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கி, போல்ட்டுத் தலையிலிருந்து தட்டு வரை வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.