'ஃப்ளிப் தி பேர்ட்' என்றால் பறவையைத் தேடாதீர்கள்

அமெரிக்க நாவல் ஒன்றில், பின்னால் வந்து ஹாரன் அடித்தவரைப் பார்த்து டிரைவர் 'ஃப்ளிப்டு ஹிம் தி பேர்ட்' என்று வருகிறதா? நடுவிரலைத் தூக்கிக் காட்டினார் என்று அர்த்தம். 'கேவ் ஹிம் தி ஃபிங்கர்', 'ஃப்ளிப்டு ஹிம் ஆஃப்' எல்லாம் அதே சங்கதிதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் எழுத்தில் ஒரு நடிகருக்கு 'பேர்ட்' கிடைத்தது என்று படித்தால் விரலை நினைக்கக் கூடாது. கொட்டகையில் இருந்த ஜனங்கள் வாத்துக் கூட்டம் போலச் சீறி அவரை மேடையை விட்டு விரட்டினார்கள், அவ்வளவுதான்.

விரல் என்று வந்தாலே வசவு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. 'பாயின்ட் தி ஃபிங்கர்' என்பது பழி சுமத்துவது. 'ஃபிங்கர்ஸ் கிராஸ்டு' என்பது நல்லபடியாக நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்வது.

பெரிய குழப்பம் இரண்டு விரலில்தான். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் 'வி' போல விரித்து, உள்ளங்கை எதிராளி பக்கம் இருந்தால் வெற்றிச் சின்னம். புறங்கை அவர் பக்கம் இருந்தால் கெட்ட வசவு. அமெரிக்கர்களுக்கு இந்த வித்தியாசம் பழக்கமில்லை. 1992 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா போயிருந்த அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், அங்கே போராடிக்கொண்டிருந்த விவசாயிகளுக்குப் புறங்கையைத்தான் காட்டினார். ஏற்கெனவே அமெரிக்க மானியங்கள் மேல் கொதித்துப் போயிருந்தவர்கள் அவர்கள்!

தெரிந்தே காட்டியவர்களும் உண்டு. 1971இல் இங்கிலாந்தின் ஹிக்ஸ்டெட் குதிரைத் தாண்டல் போட்டியில் ஜெயித்த ஹார்வி ஸ்மித், நடுவர்களைப் பார்த்து இப்படிக் காட்டினார். வெற்றியைப் பறித்தார்கள். அது வெற்றிச் சின்னம்தான் என்று மனிதர் சாதித்தார். அப்புறம் பட்டம் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து பிரிட்டனில் 'எ ஹார்வி ஸ்மித்' என்றாலே இந்தச் சைகைதான். பழைய பேட்டிகளில் இந்தப் பெயர் வந்தால் யாரோ விருந்தாளி என்று நினைத்துவிடாதீர்கள்.

பத்திரிகைத் தலைப்புகளை அப்படியே நம்புவதும் ஆபத்து. ஒரு பிரிட்டிஷ் அமைச்சர் பிரஸ்ஸல்ஸை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைப் பார்த்து 'டூ ஃபிங்கர்ஸ்' காட்டினார் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் யாரும் கையையே தூக்கியிருக்க மாட்டார்கள். போடா, உன் பேச்சைக் கேட்க முடியாது என்ற தோரணையில் ஒரு முடிவு எடுத்திருப்பார். மூக்கு நுனியில் கட்டைவிரலை வைத்துப் பழிப்புக் காட்டும் 'காக் எ ஸ்நூக்' கூட இப்போது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆனால் அது சின்னப் பிள்ளைகளின் குறும்பு ரகம். நடுவிரலின் காரம் அதில் கிடையாது.