அந்தமானில் ஸ்கூபாவும் ஊர்சுற்றலும்: டெல்டா குடும்பத்துக்கு ஒரு திட்டம்

சம்பா அறுவடை முடிந்த மாசியில் கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ அந்தமானுக்குப் புறப்படும் குடும்பத்தில், கணவர் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா வேண்டும் என்பார். மனைவி செல்லுலார் சிறையைப் பார்க்க வேண்டும் என்பார். இருவர் விருப்பமும் நிறைவேற, பயணத் திட்டத்தைத் திரும்பி வரும் விமானத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

ஆழத்தின் அழுத்தத்தால் உடலில் கரையும் நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், காற்றழுத்தம் குறையும்போது அது குமிழிகளாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவிடலாம். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும். ஆகவே ஹேவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவில் ஸ்கூபாவை முதலில் முடித்துவிட்டு, சிறையையும் கடைவீதியையும், ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் கழியும் கடைசி நாளுக்கு வையுங்கள்.

சுவராஜ் தீவில் மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். காலையில் ஒருவர் கடலுக்குள் இறங்கட்டும். மற்றவர் காலாபத்தர் கடற்கரையில் நடக்கட்டும். மாலையில் இருவரும் சேர்ந்து ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.

காவிரியில் குதித்து வளர்ந்தவர்கள் தண்ணீர் நமக்குப் பழக்கம்தானே என்று நினைப்பதுண்டு. நீச்சல் வேறு, காதடைப்பு வேறு. இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று கரையிலேயே இருந்துவிடுங்கள்.