அமெரிக்காவில் வழக்குச் சமரசத் தொகையை வரிக் கணக்கில் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கைச் சமரசமாக முடித்துப் பெறும் தொகைக்கு வரி உண்டா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதே முதல் தவறு. அந்தத் தொகை எந்த இழப்புக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் அமெரிக்க வரிச் சட்டம் பார்க்கிறது. உடற்காயத்துக்கு ஈடாக வந்த பணத்துக்கு 104ஆம் பிரிவின்படி வரி இல்லை. ஆனால் அதே காயத்தின் மருத்துவச் செலவை முந்தைய ஆண்டுகளில் கழித்து வரியைக் குறைத்துக்கொண்டவர், அந்த அளவை இப்போது வருமானமாகக் காட்டியாக வேண்டும்.

பணியிடப் பாகுபாடு, அவதூறு போன்ற வழக்குகளில் மன உளைச்சலுக்காகப் பெறும் தொகை வரிக்குரியது. தூக்கமின்மையையும் தலைவலியையும் காட்டி அதனை உடற்காயமாக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வாதம் எடுபடுவதில்லை. வட்டிக்கும், பெரும்பாலும் தண்டனை இழப்பீட்டுக்கும் (தவறு செய்தவரைத் தண்டிப்பதற்காக விதிக்கப்படும் கூடுதல் தொகை), காய வழக்கானாலும் வரி உண்டு.

மிகுந்த நஷ்டம் விளைவிப்பது வக்கீல் கட்டணம் பற்றிய தவறுதான். ஒரு லட்சம் டாலருக்குச் சமரசமாகி, வக்கீல் நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு அறுபதாயிரத்தைக் கொடுத்தால், பலர் அறுபதாயிரத்தை மட்டுமே எழுதுகிறார்கள். தொகை வரிக்குரியதானால் முழு ஒரு லட்சமும் கட்சிக்காரரின் வருமானமே என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்துவிட்டது. பாகுபாட்டு வழக்கானால் கட்டணத்தை வரிக் கணக்குப் படிவத்தின் இணைப்பான ஷெட்யூல் 1இல் கழித்துக்கொள்ளலாம். தனிப்பட்ட அவதூறு வழக்குக்கு அந்த வழி இல்லை. அதற்கிருந்த பழைய கழிவு 2018இல் நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிரந்தரமாகவே நீக்கப்பட்டது. கைக்கே வராத பணத்துக்கு வரி கட்டுவது அநியாயமாகத் தோன்றினாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தொகை எதற்கு என்று அதிலேயே பிரித்து எழுதிக்கொள்வதும் அப்போதுதான் இயலும்.

கொடுத்த தொகையை வரித் துறைக்கும் பெற்றவருக்கும் தெரிவிக்கும் 1099 படிவம் வரவில்லை என்பதால் வரிக்குரிய தொகையை விட்டுவிட முடியாது. வரியற்ற தொகைக்குத் தவறாக அப்படிவம் வந்திருந்தாலும், கண்டுகொள்ளாமல் இருந்தால் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் கணினி அதை வருமானமாகவே எடுத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பக்கூடும். கொடுத்தவரிடம் திருத்திய படிவம் கேட்க வேண்டும்.

நிலுவைச் சம்பளமாக வரும் பகுதி டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தில், வரி பிடிக்கப்பட்டே வரும். மற்றப் பகுதியில் வழக்கமாக யாரும் வரி பிடிப்பதில்லை என்பதால், ஏப்ரல் வரை காத்திராமல் பணம் வந்த காலாண்டுக்கே முன்வரி செலுத்தாதவர்கள் வரியோடு அபராதமும் கட்ட நேரலாம்.